29 பென்ஸ் டப்பா

மரபணு மாற்றிய உணவு என்று பேச்செடுத்தால், பிரிட்டன் மக்கள் அதைத் தொடக்கம் முதலே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டவர்கள் என்ற எண்ணமே நம்மில் பலருக்கும் எழும். எனக்கும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. வெள்ளை அங்கி அணிந்து மக்காச்சோளக் கொல்லையில் இறங்கிப் பயிரைச் சாய்த்த போராட்டக்காரர்கள், 'ஃபிராங்கன்ஸ்டைன் உணவு' என்று கொட்டை எழுத்தில் அலறிய நாளிதழ்கள், ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு கடை வெளியிட்ட விலகல் அறிவிப்பு: இவையெல்லாம் 1999ஆம் ஆண்டின் காட்சிகள். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, அதே நாட்டின் அதே கடைகளில் நடந்தது பலருக்கும் நினைவில் இல்லை.

1996 பிப்ரவரியில் சேஃப்வே, செயின்ஸ்பரி ஆகிய இரு பெரும் சூப்பர் மார்க்கெட்டுகள் தத்தம் பெயரிலேயே ஒரு சிறிய தக்காளிக் கூழ் டப்பாவை விற்பனைக்குக் கொண்டுவந்தன. தக்காளியை அன்றன்று அரிந்து போட்டுச் சமைக்கும் நமக்கு இந்தக் கூழின் அருமை அவ்வளவாகத் தெரியாது. வெயில் குறைந்த அந்நாட்டின் சமையலறைகளில் அது எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பொருள். புதிய டப்பாவின் முகப்பிலேயே, இது மரபணு மாற்றிய தக்காளியில் செய்யப்பட்டது என்று எழுதியிருந்தது. பின்பக்கத்துப் பொடி எழுத்தில் ஒளித்து வைக்கவில்லை. அப்படி எழுதியாக வேண்டும் என்று அன்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவும் இல்லை. வழக்கமான தக்காளிக் கூழும் அதே கடையில் கிடைத்தது. அது 142 கிராம், விலை 29 பென்ஸ். புதியது 170 கிராம், விலை அதே 29 பென்ஸ். இதைப் பற்றிய துண்டறிக்கைகளையும் கடையில் வைத்திருந்தார்கள்.

மக்கள் வாங்கினார்கள். சில காலம், பல கடைகளில், வழக்கமான கூழைவிட இதுவே கூடுதலாக விற்றது. 1999இன் தொடக்கத்திற்குள் ஏறத்தாழ 18 லட்சம் டப்பாக்கள் விற்றிருந்தன. தெரியாமல் வாங்கியவர்கள் என்று இவர்களைத் தள்ளிவிட முடியாது. படித்துப் பார்த்து, எடையையும் விலையையும் ஒப்பிட்டு, கூடைக்குள் போட்டவர்கள் இவர்கள். அதே ஆண்டுகளில் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்புகளில் இத்தகைய உணவைப் பற்றித் தயக்கம் தெரிவித்தவர்கள் ஏராளம். கேள்வித்தாளை நிரப்புகிறவர் தன்னை ஒரு குடிமகனாக நினைத்துக்கொண்டு பதில் எழுதுகிறார். அலமாரி முன் நிற்கும்போது அவருக்குக் கையிலிருக்கும் சில்லறை நினைவுக்கு வருகிறது. இரண்டில் எது உண்மையான மனப்பாங்கு என்று சமூகவியலாளர்கள் விவாதிப்பதுண்டு. இரண்டுமே உண்மைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தக்காளி பிறந்த கதையையும் சற்றுச் சொல்ல வேண்டும். தக்காளி பழுக்கும்போது அதன் செல் சுவரிலுள்ள பெக்டின் என்னும் பொருளை ஒரு நொதி சிதைக்கிறது. பழம் குழைவது அதனால்தான். அந்த நொதியை உண்டாக்கும் மரபணுவை அடக்கிவிட்டால் பழம் நிதானமாக மென்மையாகும், பெக்டினும் காப்பாற்றப்படும். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் டான் கிரியர்சன் தலைமையிலான குழுவினரும் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் விதைப் பிரிவினரும் சேர்ந்து இதைச் சாதித்தனர். அந்தப் பிரிவு 1993இல் தாய் நிறுவனத்திலிருந்து பிரிந்த செனிகாவின் பங்காயிற்று. பெக்டின் மிகுந்த பழம் கெட்டியான கூழைத் தரும். தண்ணீரை வற்றவைக்கக் குறைந்த எரிபொருள் போதும், வீணாகும் பழமும் குறைவு. தக்காளியைக் கலிபோர்னியாவில் விளைவித்து, அங்கேயே கூழாக்கிப் பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். மிச்சமான செலவின் ஒரு பங்கு, கூடுதல் 28 கிராமாக, வாங்குகிறவர் கைக்கு வந்து சேர்ந்தது. அறிவியலால் ஏற்பட்ட ஆதாயத்தை வாங்குகிறவர் கண்ணால் பார்க்க முடிந்தது என்பது இந்தக் கதையில் சிறிய விஷயமன்று.

இதே மரபணுவை வேறொரு வழியில் அடக்கிய கலிபோர்னியாவின் கால்ஜீன் நிறுவனம், இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, 1994 மே மாதத்தில், 'ஃபிளேவர் சேவர்' தக்காளியைக் கடைக்குக் கொண்டுவந்திருந்தது. முழுப் பழமாகவே விற்கப்பட்ட முதல் மரபணு மாற்றிய உணவு அது. அதையும் சொல்லித்தான் விற்றார்கள். நிறுவனம் இருந்த டேவிஸ் நகரில் கிராக்கி தாளாமல், ஒருவருக்கு இத்தனைதான் என்று அளவு வைக்க நேர்ந்தது. அந்தத் தக்காளி தோற்றதற்கும் வாங்குகிறவர்களின் அச்சத்திற்கும் அதிகத் தொடர்பில்லை. ஆய்வகத்தில் கெட்டிக்காரர்களாக இருந்தவர்களுக்குத் தக்காளிச் சாகுபடி தெரியவில்லை. அடிப்படை ரகம் சுமார், மகசூல் குறைவு, அறுவடையிலும் பொட்டலம் கட்டுவதிலும் பழங்கள் நசுங்கின. விற்ற விலையைவிட விளைவித்த செலவு அதிகம். 1997இல் கால்ஜீன் முழுவதுமாக மான்சான்டோவின் கைக்குப் போனது. அங்கே பணிபுரிந்த விஞ்ஞானி பெலிண்டா மார்ட்டினோ 2001இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

பிரிட்டனுக்குத் திரும்புவோம். அங்கே நிகழ்ந்த மனமாற்றத்திற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பித்துப் பசு நோய். மாட்டின் எலும்பையும் இறைச்சிக் கழிவையும் அரைத்து மாட்டுக்கே தீவனமாக்கியதால் பரவிய நோய் அது. 1990 மே மாதத்தில், மாட்டிறைச்சியால் ஆபத்தில்லை என்று காட்டுவதற்காக, அன்றைய வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் நான்கு வயது மகளுக்கு ஹாம்பர்கர் ஊட்ட முயன்றார், புகைப்படக்காரர்கள் முன்னிலையில். 1996 மார்ச் 20 அன்று சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டோரல் நாடாளுமன்றத்தில் எழுந்து, அந்த நோய்க்கும் மனிதர்களைத் தாக்கத் தொடங்கியிருந்த புதுவகை மூளை நோய்க்கும் தொடர்பிருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டார். பிரிட்டனில் மட்டும் 170க்கும் மேற்பட்டோர் அந்நோயால் இறந்தனர். அரசு 'பாதுகாப்பானது' என்று சொன்னால் அதற்கு இனி என்ன பொருள் என்ற கேள்வி ஒரு தலைமுறைக்கே தங்கிவிட்டது.

ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த விளக்கம் முழுவதுமாகப் பொருந்துவதில்லை. தக்காளி டப்பா கடைக்கு வந்தது பிப்ரவரியில். டோரலின் அறிவிப்பு அடுத்த மாதமே. நாடே கலங்கிப்போயிருந்த அந்த மாதங்களிலும், அதற்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேலும், டப்பா நன்றாகவே விற்றது. அரசை நம்பாதவர்கள்கூட, எழுதி வைத்திருந்ததைப் படித்துவிட்டு, அதை வாங்கியிருக்கிறார்கள். ஆகவே பித்துப் பசு நோய் காய்ந்த வைக்கோலாகக் கிடந்தது எனலாம். நெருப்பு வேறு திசையிலிருந்து வந்தது.

1996 இலையுதிர்காலத்தில் அமெரிக்க விவசாயிகள் மான்சான்டோவின் களைக்கொல்லி தாங்கும் சோயாவை முதன்முதலாக வணிக அளவில் அறுவடை செய்தனர். அந்த ஆண்டின் மொத்த சோயா விளைச்சலில் அது ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் அமெரிக்கத் தானிய வணிகம் ஆறுகளைப் போன்றது. பல பண்ணைகளின் விளைச்சல் ஒரே களஞ்சியத்தில் கொட்டப்பட்டு, படகுகளில் மிசிசிப்பி வழியாக இறங்கி, கப்பலேறும்போது எது எவருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. பிரித்துத் தாருங்கள் என்று ஐரோப்பியக் கடைக்காரர்கள் கேட்டபோது, அது இயலாது, தேவையுமில்லை என்ற பதில் வந்தது. புதிய சோயாவும் பழைய சோயாவும் கணிசமாக ஒன்றே என்பது அதற்குச் சொல்லப்பட்ட ஒழுங்குமுறை வாதம். நவம்பரில் கப்பல்கள் ஐரோப்பியத் துறைமுகங்களை அடைந்தன. ரொட்டி, பிஸ்கட், சாக்லேட், குழந்தை உணவு என்று பதப்படுத்திய உணவில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஏதோ ஒரு வடிவில் சோயா இருந்தது. இனி இவற்றில் எதில் புதிய சோயா இருக்கிறது, எதில் இல்லை என்று கடைக்காரருக்கே தெரியாது.

தக்காளி டப்பாவை வாங்க மறுக்க நினைத்தவர் பக்கத்து டப்பாவை எடுத்துக்கொள்ளலாம். சோயாவை மறுக்க நினைத்தவர் எதைத்தான் எடுப்பார்? இதனால் பயனடைந்தவர்கள் களைக்கொல்லி விற்ற நிறுவனமும் ஓரளவு விவசாயியும்தான்; ரொட்டி வாங்கியவருக்கு விலையிலோ சுவையிலோ ஒரு துளியும் மாற்றமில்லை. 29 பென்ஸ் டப்பா ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது. சோயாக் கப்பல் எதையும் கேட்கவில்லை.

'ஃபிராங்கன்ஸ்டைன்' என்ற சொல் இந்த விவகாரத்திற்குள் நுழைந்ததும் இதே காரணத்தால்தான் என்பது இலக்கிய வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். 1992 மே மாதத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மரபணு மாற்றிய பயிர்களுக்குத் தனிப் பரிசோதனையோ தனி அடையாளமோ பொதுவாகத் தேவையில்லை என்ற கொள்கையை வெளியிட்டது. அதைக் கண்டித்து அடுத்த மாதமே 'நியூயார்க் டைம்ஸ்' இதழுக்கு பால் லூயிஸ் என்பவர் எழுதிய ஒரு சிறு கடிதத்தில்தான் 'ஃபிராங்கன்ஃபுட்' என்ற சொல் பிறந்தது. அவர் விஞ்ஞானி அல்லர், பாஸ்டன் கல்லூரியில் ஆங்கில இலக்கியப் பேராசிரியர். அச்சொல்லைப் பின்னர் கையாண்ட நாளிதழ்கள் 1818இல் மேரி ஷெல்லி எழுதிய நாவலைப் படித்திருக்குமா என்பது சந்தேகமே. அந்நாவலில் ஃபிராங்கன்ஸ்டைன் என்பது படைத்தவனின் பெயர். படைக்கப்பட்டதற்குப் பெயரே கிடையாது. உயிர் வந்த கணத்திலேயே அதற்கு ஒரு பெயரிடாமல், அதன் பொறுப்பை ஏற்காமல், படைத்தவன் ஓடிப்போவதுதான் அங்கே எல்லாத் துயரத்திற்கும் தொடக்கம். பெயரில்லாமல் கப்பலேறிய சோயாவை நினைத்தால், உவமை அதைப் பயன்படுத்தியவர்கள் அறிந்ததைவிட நன்றாகவே பொருந்தியிருக்கிறது.

1998இல் காற்று மாறியது. உறைபதன உணவுக் கடைகளான ஐஸ்லாந்து நிறுவனம் தன் பெயரிலான உணவுகளில் மரபணு மாற்றிய பொருள்கள் இருக்காது என்று அறிவித்தது. ஜூன் மாதத்தில் இளவரசர் சார்லஸ் 'டெய்லி டெலிகிராஃப்' இதழில் கடுமையாக ஒரு கட்டுரை எழுதினார். அதே வேளையில் மான்சான்டோ பத்து லட்சம் பவுண்டு செலவில் பிரிட்டானிய இதழ்களில் விளம்பரங்கள் வெளியிட்டது. புரியாததால் அஞ்சுகிறார்கள், புரியவைத்துவிட்டால் அச்சம் போய்விடும் என்பது விளம்பரம் தந்தவர்களின் கணிப்பு. அதுவரை அந்த நிறுவனத்தின் பெயரையே கேள்விப்படாதவர்கள் பலரும் அப்போதுதான் அதைக் கேள்விப்பட்டார்கள்.

ஆகஸ்ட் 10ஆம் நாள் இரவு 'வேர்ல்ட் இன் ஆக்ஷன்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஆர்பாட் புஸ்டாய் தோன்றினார். 1956 எழுச்சிக்குப் பின் ஹங்கேரியை விட்டு வெளியேறியவர். அபர்டீனிலுள்ள ரோவெட் ஆய்வு நிறுவனத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றியவர். லெக்டின் எனப்படும் புரதங்களில் உலகறிந்த வல்லுநர். ஸ்னோட்ராப் என்னும் பனிக்காலப் பூச்செடியின் லெக்டின் மரபணுவைச் சேர்த்த உருளைக்கிழங்கைத் தின்ற எலிகளின் வளர்ச்சியிலும் நோய் எதிர்ப்பிலும் குறை தென்பட்டதாக அவர் கூறினார். மக்களைச் சோதனை எலிகளாக்குவது நியாயமில்லை என்றும் சொன்னார். திரையில் அவர் பேசியது இரண்டரை நிமிடம். இரண்டு நாட்களுக்குள் நிறுவனம் அவரைப் பணியிலிருந்து இடைநிறுத்தியது, ஆய்வுத் தரவுகளைப் பறித்துக்கொண்டது, பேசக் கூடாது என்று தடை விதித்தது. அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவே இல்லை.

அந்த உருளைக்கிழங்கு எந்தக் கடையிலும் விற்கப்பட்டதன்று, விற்பதற்கு யாரும் அனுமதி கேட்டதும் இல்லை. ஆய்வும் குறையுடையதுதான். ராயல் சொசைட்டி 1999 ஜூனில் அதன் வடிவமைப்பு, செய்முறை, பகுப்பாய்வு மூன்றிலுமே பிழை கண்டது. அதன் ஒரு பகுதியை அக்டோபரில் 'லான்செட்' மறுப்புரையுடன் சேர்த்தே வெளியிட்டது. அறிவியல் என்ற அளவில் இவ்வளவுதான் விஷயம். ஆனால் அதற்கு முன்பாகவே, 1999 பிப்ரவரியில், பல நாடுகளைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் அவருக்கு ஆதரவாக அறிக்கை விட்டனர். அது 'கார்டியன்' இதழில் வந்ததும் வெடித்தது. எலிகளின் குடலில் என்ன நேர்ந்தது என்பதைப் பற்றிப் பெரும்பாலான வாசகர்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்க முடியாது. முதிய விஞ்ஞானி ஒருவர் வாயடைக்கப்பட்டார் என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. அவரைப் பேசவிட்டு, தரவுகளைத் திறந்து வைத்து, பிழையைப் பிழை என்று காட்டியிருந்தால் இந்த வரலாறு வேறாகியிருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

அதற்குப் பிந்தைய மூன்று மாதங்கள் மிக வேகமானவை. மரபணு மாற்றிய உணவைத் தானும் உண்பதாகவும் அது பாதுகாப்பானது என்றும் பிரதமர் டோனி பிளேர் சொன்னார். மறுநாள் 'டெய்லி மிரர்' அவரையே அந்த அரக்கனாக ஒப்பனை செய்து முதல் பக்கத்தில் போட்டது. ஹாம்பர்கர் படத்தை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு ஓர் அரசியல்வாதி தான் என்ன உண்கிறார் என்று சொல்வது ஆறுதலாக இருந்திருக்காது. மார்ச்சில் செயின்ஸ்பரியும் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரும், ஏப்ரலில் டெஸ்கோவும், ஏப்ரல் கடைசி வாரத்தில் யூனிலீவர், நெஸ்லே, கேட்பரி ஆகியவற்றின் பிரிட்டானியக் கிளைகளும் விலகல் அறிவித்தன. ஜூலையில் நார்ஃபோக் மாவட்டத்தின் லிங் என்னும் ஊரில் லார்ட் மெல்ச்செட்டும் கிரீன்பீஸ் தொண்டர்களும் சோதனைப் பயிரை அழித்தனர். அவர்கள்மீதான சேதக் குற்றச்சாட்டிலிருந்து 28 பேரையும் 2000 செப்டம்பரில் ஜூரி விடுவித்தது. டிசம்பரில் வந்த செய்தியொன்று நாவலாசிரியர்களுக்கும் எட்டாத கற்பனை: ஹை விகம் நகரிலிருந்த மான்சான்டோ அலுவலக உணவகத்தை நடத்திய ஒப்பந்தக்காரர்கள், தங்கள் சமையலில் மரபணு மாற்றிய சோயாவும் மக்காச்சோளமும் சேர்ப்பதில்லை என்று அறிவிப்புப் பலகை வைத்திருந்தார்கள்.

தக்காளி டப்பாவும் அந்த ஆண்டே அலமாரியிலிருந்து இறக்கப்பட்டது. அதன்மீது ஒரு புகாரும் நிரூபிக்கப்படவில்லை. 1998 இலையுதிர்காலம் முதலே விற்பனை சரிந்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனால் கூட்டம் கோபத்தோடு கடைக்குள் நுழைந்தபோது, பெயர் எழுதி வைத்திருந்த பொருள்தான் முதலில் கண்ணில் பட்டது, எளிதில் அகற்றவும் முடிந்தது. பெயர் எழுதாதது எங்கெங்கோ கலந்து கிடந்தது. இன்றும் ஐரோப்பிய ஒன்றியம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3 கோடி டன் சோயாவும் சோயாப் பிண்ணாக்கும் இறக்குமதி செய்கிறது. பெரும்பகுதி மரபணு மாற்றியது. கோழிக்கும் பன்றிக்கும் கறவை மாட்டுக்கும் தீவனமாகிறது. 2004 முதல் நடைமுறையிலுள்ள கடுமையான அடையாளச் சட்டம் 0.9 விழுக்காட்டுக்கு மேல் கலந்தால் எழுதச் சொல்கிறது. அந்தத் தீவனம் தின்ற கோழியின் முட்டைமீது எதையும் எழுதச் சொல்வதில்லை.

மக்களுக்கு அறிவியல் தெரியாததுதான் காரணம் என்ற வாதம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. 2003 கோடையில் பிரிட்டானிய அரசு நாடு தழுவிய பொது விவாதம் ஒன்றை நடத்தியது. 36,000க்கும் மேற்பட்டோர் படிவம் நிரப்பி அனுப்பினர், பெரும்பான்மையோர் எதிர்த்தனர். தாமாக முன்வந்து எழுதுகிறவர்கள் எப்போதும் தீவிரமானவர்களாகத்தான் இருப்பார்கள் என்பதால், இதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட சாதாரண மக்களின் சிறு குழுக்களையும் தனியே கூட்டி, விவரங்களைப் படிக்கக் கொடுத்துப் பேசவைத்தார்கள். தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள அவர்களுடைய ஐயங்கள் கூடினவே தவிரக் குறையவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு ஐந்து ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஓர் ஆய்வும் இதைத்தான் கண்டது. மக்கள் கேட்ட கேள்விகளில் மரபணு என்ற சொல்லே அதிகம் இல்லை. இது நமக்கு எதற்கு? இதனால் யாருக்கு ஆதாயம்? யார் முடிவெடுத்தார்கள்? கடைக்கு வருவதற்கு முன் ஏன் எங்களிடம் சொல்லவில்லை? இவற்றுக்கு ஆய்வகத்தில் விடை கிடைக்காது. அந்தச் சின்ன டப்பா, போதுமானதோ இல்லையோ, இவற்றில் சிலவற்றுக்கு முகப்பிலேயே விடை வைத்திருந்தது.

லிங் கிராமம் இருக்கும் அதே நார்ஃபோக்கில், நார்விச் நகரின் ஜான் இன்ஸ் ஆய்வு மையத்தில், கேத்தி மார்ட்டின் என்ற விஞ்ஞானி ஸ்னாப்டிராகன் பூச்செடியின் மரபணுக்களைச் சேர்த்து, கத்தரிக்காயின் ஊதா நிறத்தில் ஒரு தக்காளியை உருவாக்கினார். அதைப் பற்றிய ஆய்வு 2008இல் வெளியானது. அந்தத் தக்காளியின் விதைகள் 2024 பிப்ரவரி முதல் அமெரிக்காவில் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு விற்கப்படுகின்றன. மரபணு மாற்றியது என்று சொல்லியே விற்கிறார்கள். வெட்டினால் உள்ளேயும் ஊதாவாக இருக்கும் பழத்தை வேறெதுவாகவும் சொல்லி விற்கவும் முடியாது. பிறந்த நாட்டில் அதற்கு விற்பனை அனுமதி இல்லை.

அதே வேளையில், வேற்று இனத்தின் மரபணுவைச் சேர்க்காமல், உள்ளிருப்பதையே திருத்தி உருவாக்கிய பயிர்களுக்கு இங்கிலாந்து தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. 2023இல் நிறைவேறிய அந்தச் சட்டத்தின் விதிகள் பயிர்களைப் பொறுத்தவரை 2025 நவம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. அனுமதி பெற்ற பயிரின் பெயர் ஒரு பொதுப் பதிவேட்டில் இருக்கும், தேடிப்போய்ப் பார்க்கலாம். அதிலிருந்து செய்து கடையில் அடுக்கும் டப்பாவின்மீது அதை எழுத வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை.